தலையணை உறையில் பத்தொன்பது

போன வருடம் ஆலங்குடாவுக்கு வந்து, பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு கடலின் மேல் சறுக்கி விளையாடிய வெள்ளைக்காரர்களுக்கு நடுவே ஒரு யப்பான் வாலிபரும் இருந்தார். என் நானா, அதாவது அண்ணன், அவரை விடவில்லை. மணலில் விரலால் பத்தொன்பது என்று எழுதி, காலால் உதைத்துக் காட்டி, ஒரு யப்பான் பந்தாட்டக்காரரின் பெயரையும் தனக்கு வந்த மாதிரிச் சொல்லி, "தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார். வாலிபர் போனைத் தட்டித் தேடிப் பார்த்துவிட்டு, "ஆ, இவரா? என் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் இவர் அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் இல்லையே" என்றாராம்.

நானா வீட்டுக்கு வந்து, சோறு தின்று கை கழுவும்வரை ஏசிக்கொண்டே இருந்தார். நான் சமாதானப்படுத்தப் போகவில்லை. எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. யப்பானில் அவர் சின்ன ஆளாக இருக்கலாம். எங்கள் கரையில் அவரைவிடப் பெரிய ஆட்டக்காரர் இருந்ததில்லை. அவருடைய நம்பருக்காக என் நானா ஒரு பகல் முழுக்கக் கம்பி வேலிக்குள் இருந்திருக்கிறார். அந்தப் பகலை வேலிக்கு வெளியே நின்று கழித்தவள் நான். ஆகவே இதைச் சொல்கிற உரிமை எனக்குத்தான்.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் ஊரில் அதை ஒருவரும் ஒழுங்காக உச்சரித்ததும் இல்லை. "பத்தொன்பது" என்றால் எல்லாருக்கும் விளங்கும். புத்தளத்திலிருந்து கல்பிட்டிவரை ஆண்களுக்குக் கால்பந்து என்றால் சோறு தண்ணி வேண்டாம். நாடு முழுக்கக் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்க, எங்கள் ஆட்கள் பந்தைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் யப்பான்காரர் எப்படி வந்தார் என்றால், என்ஜின் வழியாக வந்தார். எங்கள் போட்டுகளின், மீன்பிடிப் படகுகளின், பின்னால் தொங்குகிற என்ஜின் எல்லாம் யப்பான். நடுக்கடலில் கயிற்றை ஒரு தரம் இழுத்தால் பிடிக்கிற என்ஜினைச் செய்த நாட்டிலிருந்து ஒருவர் பந்து விளையாட வந்தால், கடலுக்குப் போகிறவர்கள் எப்படிப் பார்க்காமல் இருப்பார்கள்? எங்கள் ஆண்களின் விளையாட்டு அறிவு அந்த மட்டில்தான் இருந்தது.

ஆனால் அவரும் எங்களுக்கு ஏற்ற ஆள்தான். ஆள் கட்டை. இடது பக்கம், பின்னால் நின்று காவல் காக்கிற ஆட்டக்காரர். கோல் அடித்துப் பெயர் எடுக்கிற இடம் அல்ல அது. ஒரு துறைமுக ஊரில் பிறந்தவர், தகப்பன் கடலுக்குப் போனவர் என்று எங்கள் ஊர் நம்பியது. உண்மையோ பொய்யோ, யாரும் விசாரிக்கவில்லை. தொடக்கத்தில் உயரம் போதாது என்று ஒரு கழகம் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டது. பிறகு பெயர் தெரியாத சின்னக் கழகம் ஒன்றில் ஆடி, அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போய், முதல் வருடம் முழுக்க, ஆட இறக்காதவர்கள் இருக்கிற வாங்கில் குந்திக்கொண்டிருந்தார். இன்னொருவருக்குக் காலில் அடிபட்டபோது இவரை இறக்கினார்கள். இறங்கியவர் அதன் பிறகு வாங்குப் பக்கம் போகவே இல்லை. தன்னைவிட ஒரு முழம் உயர்ந்த ஆட்களை, பந்தைத் தொடவிடாமல், ஆட்டம் முழுக்க ஒட்டிக்கொண்டு திரிவார்.

ஆட்டம் முடிந்தால், வென்றாலும் தோற்றாலும், கோட்டோரத்தில் கிடக்கிற வெறும் தண்ணீர்ப் போத்தல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டுதான் வெளியே போவார். அதில்தான் எங்கள் ஊர் விழுந்தது. "போட்டக் கழுவாம கரையேறாத மனிசன்" என்றார் வாப்பா. வாப்பாவின் வாயிலிருந்து ஒரு ஆளுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வந்து நான் கேட்டதில்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், டிவி எங்கள் வீட்டு ஹோலில்தான் இருந்தது. ஆட்டம் என்றால் ஊர் ஆண்கள் எல்லாம் அங்கே. நான் அறைக் கதவின் திரைக்குப் பின்னால். கல்யாணம் பேசி வைத்த பெண் ஆண்களுக்கு நடுவே கதிரை போட்டு உட்கார முடியுமா? திரையில் ஒரு ஓட்டை இருந்தது. ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுக்கிற எனக்கு அந்த ஓட்டை மட்டும் கண்ணில் படவே இல்லை.

எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை முன்வரிசையில் இருப்பார். எங்கள் ஊர்க் கழகத்தின் கப்டன். அவருடைய பின்தலையையும் யப்பான்காரரையும் ஒரே ஓட்டையால் பார்த்துக்கொண்டிருந்தேன். யப்பான்காரரைப் பற்றி அவர் கதைக்கத் தொடங்கினால் ஹோலில் ஒருவரும் மூச்சு விடமாட்டார்கள். அந்தக் குரல் எனக்குப் பிடித்திருந்தது. அவரையும் பிடித்திருந்தது. அதை மறைத்து எனக்கு இப்போது ஒன்றும் ஆகப்போவதில்லை.

சமாதானம் என்று சொன்ன காலம் முடிந்து, மறுபடியும் சண்டை தொடங்கியிருந்த நேரம். முழங்கால் விட்டுப்போய், யப்பான்காரர் ஆட்டத்திலிருந்து விலகினார். கடைசி ஆட்டத்தை டிவியில் காட்டினார்கள். விசில் ஊதியதும் அவர் வழக்கம்போலப் போத்தல் பொறுக்கப் போனார். அன்றைக்கு மற்ற ஆட்டக்காரர்களும், எதிர்ப்பக்கத்தாரும்கூட, குனிந்து அவரோடு சேர்ந்து பொறுக்கினார்கள். ஹோலில் ஆண்கள் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. நான் திரையின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு ஊர் முழுக்கப் பத்தொன்பது முளைத்தது. போட்டுக்கு அடித்து மிச்சமான நீலப் பெயின்ட் இல்லாத வீடு எங்கள் கரையில் இல்லை. மதில், கரையில் உள்ள மீன் வாடிக் குடிசைக் கதவு, ஐஸ் பெட்டி மூடி, ஓட்டோவின் முதுகு, இடம் கண்ட இடமெல்லாம் எழுதினார்கள். எல்லாரையும்விடப் பெரிதாக எழுதியவர் கப்டன். ரோட்டைப் பார்த்த தன் வீட்டு மதிலில் ஆள் உயரத்துக்கு எழுதினார். ஆண்களுக்குச் சுவர் இருந்தது. எனக்கு இருந்தது தலையணை உறை.

எங்கள் பக்கம் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வந்து இருப்பார். அறை சோடிக்கிறது பெண்ணின் கை வேலை. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து படுக்கை விரிப்பிலிருந்து திரைவரை தொட்டுப் பார்ப்பார்கள். நான் ஒரு சோடித் தலையணை உறையில் மல்லிகைப் பூ தைத்து முடித்திருந்தேன். அதில் ஒன்றின் மூலையில், பூக்களுக்கு நடுவே, நீல நூலால் 19 என்று தைத்தேன். பக்கத்தில் யப்பான் கொடியில் இருக்கிற சிவப்பு வட்டம். அதற்குக் கீழே ஒரு தண்ணீர்ப் போத்தல். கல்யாணப் படுக்கையில் வேறு ஒரு ஆம்பிளையின் நம்பரை வைக்கிறோமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. மாப்பிள்ளை பார்த்துச் சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். உம்மாவுக்கும் காட்டாமல் அலுமாரியில், சீலைகளுக்கு அடியில் வைத்தேன்.

நானாவும் எழுதினார். அவர் எழுதியது போட்டில்.

போட்டின் முன்பக்கத்தில் பதிவு நம்பர் இருக்கும். சண்டைக் காலத்தில் அந்த நம்பர்தான் போட்டுக்கு உயிர். நேவி அதைத் தூரத்திலிருந்து படித்து, தங்களிடம் உள்ள நம்பரோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் போக விடும். நானா அந்தப் பதிவு நம்பருக்கு ஒட்டினாற்போல, அதே நீலத்தில், அதே அச்சுத் தகட்டை வைத்து, அதே அளவில் 19 போட்டார். கோணலாகவோ வேறு நிறத்திலோ போட்டிருந்தால் ஒன்றும் வந்திராது. "ஒரே மாதிரி இருந்தாத்தானே வடிவு" என்றார். எங்கள் குடும்பத்துக்கு வடிவு பார்க்கிற வியாதி உண்டு. அது யாருடைய போட்டு, பதிவு நம்பர் எதுவரைக்கும், யப்பான்காரர் எதிலிருந்து என்று கரையில் எல்லாருக்கும் தெரியும். கரையில் தெரிவது கடலிலும் தெரியும் என்று நினைத்ததுதான் பிழை.

ஒரு நாள் நானாவோடு கடலுக்குக் கூடப் போகிறவருக்குக் காய்ச்சல். தனியே போனார். மற்றப் போட்டுகள் வந்து, வலை உதறி, மீனும் விற்றாயிற்று. நானாவைக் காணவில்லை. உம்மா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தபோது கரையிலிருந்து ஒருவர் ஓடி வந்தார்.

"வாப்பாட்ட சொல்லுங்க! நேவி போட்டு மகன்ட போட்டக் கட்டி இழுத்துக்கிட்டுப் போகுது!"

வாப்பா சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். உம்மாவால் எழும்ப முடியவில்லை. நான் பர்தாவை இழுத்துவிட்டுக்கொண்டு வாப்பாவின் பின்னால் ஓடினேன்.

நேவி முகாம் வாசலில் காவல் நின்றவர் சொன்ன செய்தி இதுதான். அந்த நம்பரில் இந்தக் கரையில் ஒரு போட்டும் இல்லை. கையில் இருக்கிற பாஸில் ஒரு நம்பர், போட்டில் வேறு நம்பர், உள்ளே தனி ஆள். பின்னேரம் கொழும்புக்குப் போகிற வாகனத்தில் ஏற்றி அனுப்பப் போகிறார்கள்.

கொழும்புக்கு என்றால் என்ன என்று அந்த நாட்களில் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவை இல்லை. அப்படிக் கூட்டிப் போகப்பட்டுத் திரும்பி வராதவர்களின் வீட்டிலிருந்து, பெருநாளுக்குப் பெருநாள் என்னிடம் துணி வரும். வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கும், போனவருக்கும் சேர்த்து. போனவரின் சேர்ட்டைப் பழைய அளவிலேயே தைத்துக் கொடுப்பேன். இனி நானாவின் துணியை நான் அப்படி வெட்டவேண்டி வருமோ என்று நினைத்தேன். அந்த வாகனம் புறப்படுவதற்குள் நானா வெளியே வரவேண்டும். எனக்கு வேறு நினைப்பே இல்லை.

வாப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என்னைவிட நல்லாச் சிங்களம் கதைக்கிற மனிதர். அன்று அவருக்கு ஒரு சொல்லும் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. என்னுடைய சிங்களம் தலவிலத் தேவாலயத் திருநாளில் வருகிற சனங்களுக்குக் கருவாடு விற்றுப் பழகிய சிங்களம். விலை சொல்லத் தெரியும். குறைக்க மாட்டேன் என்று சொல்லத் தெரியும். கெஞ்சுவதற்கு அதில் ஒரு சொல்லும் இல்லை.

வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு ஒரு அதிகாரி வந்தார். கையில் தேத்தண்ணிக் கோப்பை. கெட்ட முகம் என்று சொல்ல மாட்டேன். நித்திரை இல்லாத முகம். சிங்களத்தில் கேட்டார்.

"பத்தொன்பது என்றால் என்ன?"

"பந்து விளையாடுகிற ஒருவருடைய நம்பர், சேர்."

"எந்த ஊர் ஆள்?"

"யப்பான்."

அவர் குடிப்பதை நிறுத்தினார். "யப்பான்காரனுக்கு உங்கள் கடலில் என்ன வேலை?"

"அவர் இங்கே வரவில்லை, சேர். டிவியில்தான் விளையாடினார். இப்போது அதையும் விட்டுவிட்டார்."

சொல்லும்போதே எனக்குப் பொய் மாதிரிப் பட்டது. உண்மைக்கு இவ்வளவு கேவலமான உடுப்பு இருக்கும் என்று அன்றுதான் கண்டேன். அதிகாரி வாசலில் நின்ற நேவிக்காரர்களைக் கூப்பிட்டு, என்னிடம் ஆட்டக்காரரின் பெயரைக் கேட்டு அதைச் சொல்லிக் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்களில் ஒருவர் கிரிக்கெட் ஆட்டக்காரர் ஒருவரின் பெயரைச் சொன்னார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"பார்த்தாயா நங்கி?" என்று என்னைத் தங்கச்சி முறை வைத்துக் கூப்பிட்டார். "ஒருவருக்கும் தெரியவில்லை."

"எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும், சேர். மதில் மதிலாக அவர் நம்பர்தான். வந்து உங்கள் கண்ணால் பாருங்கள்."

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ சொன்ன மாதிரி இல்லாவிட்டால், அதுவும் உன் சகோதரனுடைய கணக்கில்தான் சேரும்" என்றார்.

என்னையும் வாப்பாவையும் ஜீப்பின் பின்பக்கம் ஏற்றினார்கள். இரண்டு பக்கமும் துவக்குப் பிடித்த நேவிக்காரர். அந்த மணல் ரோட்டில் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டு வரும்போது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் சந்தோசமாகத்தான் இருந்தேன். நானா தப்பிவிட்டார் என்றே முடிவு செய்துவிட்டேன். முதலில் ஐஸ் பெட்டிகளைக் காட்டுவதா, கப்டனின் மதிலைக் காட்டுவதா என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஊருக்குள் திரும்பியதும் மூக்கில் அடித்தது பச்சைச் சுண்ணாம்பு வாசம்.

நாங்கள் முகாம் வாசலில் நின்ற நேரத்துக்குள் ஊருக்குள் ஒரு கதை போயிருந்தது. பத்தொன்பது எழுதியவர்களைப் பிடிக்கிறார்களாம். அவ்வளவுதான். அந்த வருடங்களில் எதைப் பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாலும் சனங்கள் அதை எரிப்பார்கள், புதைப்பார்கள், கிணற்றில் போடுவார்கள். ஏன் என்று கேட்டுக்கொண்டு நிற்க நேரம் இருக்காது. ஐஸ் பெட்டி மூடிகளைக் கத்தியால் சுரண்டியிருந்தார்கள். வாடிக் கதவுகளைக் கழற்றி எங்கேயோ கொண்டு போயிருந்தார்கள். மதிலெல்லாம் வெள்ளை. சுண்ணாம்பு வடிந்து மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது. ரோட்டில் ஒரு மனிதர் இல்லை.

வாப்பா என் கையைப் பிடித்தார். "அல்லாஹ்வே, என்ன வேல பாத்திருக்கானுவள்" என்றார். காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அது.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். முகாமில் பார்த்த நித்திரை முகம் இப்போது இல்லை. "மதில் மதிலாக எழுதி வைத்த ஆள் என்றாயே. விருப்பமான ஆளை இப்படியா அழிப்பார்கள்?" என்றார். தன் நாக்கைத் தானே வெட்டிக்கொண்ட ஊரை வைத்து நான் என்ன சாட்சி சொல்ல?

ஜீப் கப்டனின் மதிலுக்கு முன்னால் நின்றது. அவர் அப்போதுதான் அடித்து முடித்திருந்தார். கையில் தும்பு மட்டை, முழங்கைவரை சுண்ணாம்பு, பக்கத்தில் வாளி. சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போது கீழே இருப்பதை மறைக்காது, காய்ந்த பிறகுதான் வெளுக்கும். அந்த ஆள் உயர நீலப் பத்தொன்பது ஈரத்துக்கு அடியிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதிகாரி இறங்கிப் போய்க் கேட்டார். "இது என்ன நம்பர்?"

"நம்பரா, சேர்? தெரியாது."

"யார் எழுதினது?"

"தெரியாது, சேர்."

"இந்த நம்பரில் விளையாடின ஒரு யப்பான்காரன் இருக்கிறானாமே?"

"நான் கேள்விப்பட்டதே இல்லை, சேர்."

அவருக்கு ஜீப்பில் நான் இருப்பது தெரியும். வாப்பா இருப்பதும் தெரியும். ஒரு தரம்கூட எங்கள் பக்கம் பார்க்கவில்லை. ஹோலில் எல்லாரையும் மூச்சு விடாமல் வைத்திருந்த அதே குரல்தான். எனக்கு நெஞ்சுக்குள் எதையோ கழற்றி எடுத்த மாதிரி இருந்தது. நின்று அழ அப்போது நேரம் இல்லை.

அதிகாரி திரும்பி வந்து முன்சீட்டில் ஏறி, வயர்லஸைக் கையில் எடுத்தார். "போதும். வாகனத்தை வெளிக்கிடச் சொல்லப்போகிறேன்."

"சேர், கொஞ்சம் பொறுங்கள்" என்றேன். "எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. அதை யாரும் அழித்திருக்க முடியாது. அது இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும்."

வீடு முழுக்கப் பெண்கள். ஒரு வீட்டில் இடி விழுந்தால் ஊர்ப் பெண்கள் வந்து பாயில் உட்கார்ந்துவிடுவார்கள். உம்மாவின் பக்கத்தில், உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் மாப்பிள்ளையின் உம்மா, எனக்கு மாமி ஆகப்போகிறவர். நேவிக்காரர்களைக் கண்டதும் எல்லாரும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோடு ஒதுங்கினார்கள். அதிகாரி உள்ளே வரவில்லை, வாசற்படியில் நின்றார். அந்த மரியாதைக்கு அவருக்கு நன்றி.

நான் அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்தேன். சீலைகளுக்கு அடியில் கையை விடும்போது ஒரு யோசனை வந்தது. இது நானாவுடையது என்று சொன்னால் என்ன? என்னுடைய மானமும் தப்பும். ஆனால் மல்லிகைப் பூ தைக்கிற மீன்பிடிக்காரரை எந்த அதிகாரி நம்புவார்? ஒரு பொய் தெரிந்தால் மிச்சம் எல்லாமும் பொய்யாகிவிடும். உறையை எடுத்துக்கொண்டு, ஹோலில் இருந்த அத்தனை பெண்களுக்கும் நடுவே நடந்து போய், வாசலில் விரித்துக் காட்டினேன்.

"என்ன புள்ள செய்யிறாய்?" என்று உம்மா கேட்டது காதில் விழுந்தது.

அதிகாரி அதை வாங்கி முதலில் நம்பரைப் பார்த்தார். சிவப்பு வட்டத்தைப் பார்த்தார். பிறகு உறையைப் புரட்டிப் பின்பக்கத்து முடிச்சுகளை விரலால் தடவினார்.

"என் அம்மாவும் தைப்பார்" என்றார். "இது இன்றைக்கு, நேற்றுத் தைத்தது இல்லை."

"இல்லை, சேர். அவர் ஆட்டத்தை விட்ட பிறகு தொடங்கினேன். தைத்துக் கழுவியும் வைத்துவிட்டேன்."

"யாருக்கு?"

"என் கல்யாணத்துக்கு."

"மாப்பிள்ளையின் நம்பரா?"

"இல்லை. யப்பான்காரருடைய நம்பர்."

எனக்குப் பின்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள். யார் என்று திரும்பிப் பார்க்கத் தேவை இல்லை. சிங்களம் தெரியாத பெண்களுக்கும் அந்த உறை எதற்கு என்று தெரியும், அதில் என்ன இருக்கிறது என்றும் தெரிந்துவிட்டது.

"இந்தப் போத்தல்?" என்றார் அதிகாரி.

அப்போதுதான் சொல்லத் தொடங்கினேன். உயரம் போதாது என்று திருப்பி அனுப்பியதிலிருந்து, வாங்கில் குந்தியிருந்த வருடம், ஒரு முழம் உயர்ந்த ஆட்களை ஒட்டிக்கொண்டு திரிந்தது, முழங்கால் போனது, கடைசி நாளில் எதிர்ப்பக்கத்தாரும் குனிந்து போத்தல் பொறுக்கியது என்று, கருவாட்டுச் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். சொல் வராத இடத்தில் கையால் காட்டினேன். போத்தல் பொறுக்குவதை எங்கள் வீட்டு வாசலில் குனிந்து பொறுக்கியே காட்டினேன். "நானாவுக்கு அவரை விருப்பம், சேர். வேறு ஒன்றும் இல்லை" என்றேன்.

 அதிகாரி உறையை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். விடுவேன் என்றும் சொல்லவில்லை, அனுப்புவேன் என்றும் சொல்லவில்லை. மாமி எழும்பி, உம்மாவின் கையை மெல்ல எடுத்து உம்மாவின் மடியிலேயே வைத்துவிட்டு, என்னைத் தாண்டிக்கொண்டு வெளியே போனார்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கொழும்பு வாகனம் எங்கள் சந்தியால் போனது. வாப்பா முன்னாலேயே போய் ரோட்டோரம் நின்றுகொண்டார். பின்பக்கம் முழுக்கப் படங்கு போட்டு மூடியிருந்தது. வாப்பா அதன் பின்னால் ஓடினார். ஓடுகிற வயதா அது? நானாவின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு, செருப்பு கழன்றதும் தெரியாமல் ஓடினார். உள்ளேயிருந்து பதில் இல்லை. பதில் இல்லையென்றால் நானா இல்லையா, இருந்தும் பேச முடியவில்லையா? திரும்பி வந்து மண்ணில் குந்தியவர், "கேக்கல்ல புள்ள, ஒண்டும் கேக்கல்ல" என்று திருப்பித் திருப்பிச் சொன்னார். நான் அவருடைய காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

பொழுது சாய்கிற நேரம், மஃரிபுக்குப் பாங்கு சொல்வதற்குச் சற்று முன்னால், கரையோரமாக ஒரு ஆள் நடந்து வருவது தெரிந்தது. நடையைப் பார்த்தே உம்மா அலறிவிட்டார்.

நானாவின் உதடு வெடித்திருந்தது. வெயிலில் வைத்திருந்திருக்கிறார்கள், தண்ணீர் பின்னேரம்தான் கொடுத்திருக்கிறார்கள். நாளைக் காலைக்குள் போட்டிலிருந்து அந்த நம்பரைச் சுரண்டிவிட வேண்டும் என்ற கட்டளையோடு அனுப்பியிருந்தார்கள். சாரத்து மடிப்பிலிருந்து தலையணை உறையை எடுத்தார். "அந்த நேவிப் பெரியவர்தான் தந்தார். வீட்டுல குடுக்கச் சொன்னார். யாருட இது?" என்று கேட்டார். உம்மா என்னைப் பார்த்தார். நானாவும் என்னைப் பார்த்தார். உறையை விரித்துப் பார்த்துவிட்டு, அந்த வெடித்த உதட்டோடு, "ஒன்பது சரிஞ்சுபோய்க் கிடக்கு" என்றார். அதற்குப் பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். உம்மா தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நின்று நானாவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

கப்டன் பயந்ததற்காக நான் அவரைக் குறை சொல்லவில்லை. எங்கள் எல்லாருக்கும்தான் பயம். வாப்பாவுக்கு வாயே திறக்கவில்லை. ஆனாலும் வாப்பா அந்த வாசலை விட்டு அசையவில்லை. கப்டன் ஒரு தரம் வந்து, "பயந்துட்டேன்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நான் காத்திருந்தேன். நானாவைப் பார்க்க ஊரே வந்து போனது. அவர் வரவில்லை. அவருடைய மதில் நன்றாகக் காய்ந்து வெளுத்திருந்தது.

வந்தவர் மாமி. அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு. உம்மா ஓடி ஓடிக் கவனித்தார். தேத்தண்ணி வைத்தார். மாமி கோப்பையைத் தொடாமல் விசயத்துக்கு வந்தார்.

"நடந்தது நடந்துபோச்சு, புள்ள. நாங்க மனசுல வெச்சுக்கொள்ளல்ல. மகனும் பொறுத்துக்கொண்டார். அந்த நூல மட்டும் பிரிச்சு எடுத்துடு. பொறத்தியான்ட நம்பர்ல என்ட மகன் எப்பிடித் தல வெப்பார்?"

உம்மா என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினார், ஓம் என்று சொல்லச் சொல்லி. நானா கதவடியில் நின்றார். எனக்குக் கத்தரிக்கோல் எடுத்து அந்த நூலைப் பிரிக்க எவ்வளவு நேரம் ஆகும்? கல்யாணம் நடக்கும், வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. ஒரு கணம் எழும்பவும் பார்த்தேன்.

"மாமி," என்றேன், "நேவிக்காரர் கேட்டப்ப, அது என்ன நம்பரெண்டே தெரியாதெண்டு ஒங்கட மகன் சொன்னாரே. தெரியாத நம்பர்ல தல வெச்சா அவருக்கு என்ன?"

மாமி எழும்பினார். வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். உம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நானா வந்து, ஆறிப்போன அந்தத் தேத்தண்ணியை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கோப்பையைக் கீழே வைத்தார்.

"அந்த ஒன்பத மட்டும் கொஞ்சம் நிமித்தித் தை, தங்கச்சி" என்றார்.